மடைவாய்க்கு எட்டுக் கட்டு

புது மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. நீங்கள் என்ன சொன்னாலும் அது சரியாகிவிடும். அடைமழை நாளில் "இன்னிக்குப் புழுக்கமா இருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிப்பாருங்கள். மாமனார் வீட்டில் யாராவது எழுந்துபோய் மின்விசிறியை வேகமாக வைப்பார்கள். (நான் சொல்லியிருக்கிறேன். வைத்தார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டே படுத்திருந்தேன்.) இந்த மரியாதை ஒரு வருடமாவது தாங்கும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். எனக்கு அது தலை தீபாவளி முடிந்த கையோடு ஒரு மத்தியானத்தில் முடிந்துபோனது. முடித்து வைத்தது வேறு யாருமில்லை, என் கணக்குதான்.

நான் தஞ்சாவூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகளிடம் நல்ல பெயர் கிடையாது, நல்ல பயம் உண்டு. அதிலும் பதினோராம் வகுப்பில் சிக்மா பாடம் வந்துவிட்டால் எனக்குத் தனி மிடுக்கு வந்துவிடும்.

சிக்மாவை மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். நிறைய எண்களைக் கூட்டவேண்டியிருந்தால், அத்தனையையும் வரிசையாக எழுதிக் கை ஓய்ந்துபோகாமல் இருக்க, முன்னால் Σ என்று ஒரு குறி போடுவோம். அதற்குக் கீழே எங்கே ஆரம்பம், மேலே எங்கே முடிவு என்று எழுதிவிட்டு, கூட்டவேண்டியது எது என்பதைப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். எவ்வளவு நீளமான கூட்டலும் உள்ளங்கையில் அடங்கிவிடும். இதில் பிள்ளைகள் செய்யும் தப்பும் எப்போதும் ஒன்றேதான். Σ (2k + 5) என்று எழுதவேண்டிய இடத்தில் Σ 2k + 5 என்று எழுதிவிடுவார்கள். அடைப்புக்குறி இருந்தால் அந்த ஐந்து ஒவ்வொரு தடவையும் கூடும். இல்லாவிட்டால் கடைசியில் ஒரே ஒரு தடவை கூடி நின்றுவிடும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், விடை எங்கேயோ போய் நிற்கும்.

தீபாவளி விடுமுறைக்கு முந்தின நாள் இந்தத் தப்புக்காகப் பாதி வகுப்பை நிற்கவைத்துவிட்டேன்.

"பிராக்கெட் இல்லாத சிக்மா, வேலி இல்லாத வயல்டா! ஊர்ல உள்ள மாடெல்லாம் உள்ள பூந்துடும்!"

என்னுடைய பிரசித்தி பெற்ற வசனம் அது. (வயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அதோடு சரி.)

நான் வளர்ந்தது கும்பகோணத்தில், கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அரிசி என்பது மளிகைக் கடையில் விளைவது. என் மனைவி கலையரசியின் வீடோ திருவாரூர் பக்கம்; வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் வயல். அவள் அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, நிலம் தெரிந்த மாப்பிள்ளை வேண்டுமென்று ஆசை இருந்தது. கலைதான் பிடிவாதமாக என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று அவர்கள் சொந்தக்காரர் ஒருவர், "மாப்பிள்ளைக்கு வரப்புல நடக்க வருமா?" என்று கேட்டுச் சிரித்ததை நான் மறக்கவில்லை. அந்த வீட்டுக்கு நானும் ஏதாவது ஒரு வகையில் பயன்படுவேன் என்று காட்டிவிட வேண்டும் என்ற வெறி எனக்குள் இருந்தது.

வாய்ப்பு தலை தீபாவளிக்கே வந்து சேர்ந்தது. பண்டிகைக்கு முன்னால் பெய்த மழையில் மாமாவின் நாற்றங்கால் மூழ்கி, நாற்று முழுவதும் அழுகிப்போயிருந்தது. குறுவை அறுத்த நிலத்தை உழுது, தாளடி நடவுக்குத் தயாராக வைத்திருந்தார். நடவுக்கு ஆளும் சொல்லியாயிற்று, நாற்றுதான் இல்லை. சீர்காழிப் பக்கம் அவருடைய நெடுநாள் சிநேகிதர் தங்கராசு, மேட்டு நிலத்தில் நாற்று விட்டிருந்தார். கேட்ட மாத்திரத்தில், "எத்தனை கட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே, குட்டியானை வண்டியில ஏத்தி விடுறேன். மிச்சத்தை வேற ஆளு கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு அங்கேதான் சிக்கல். சொந்த நாற்றங்காலில் பறித்துப் பறித்துப் போட்டு நட்டுப் பழகியவர். மொத்தம் எத்தனை கட்டு என்று சொல்லவேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. தீபாவளிக்கு மறுநாள் காலையில் வயலைச் சுற்றிக் காட்ட என்னை அழைத்துப் போனவர், மோட்டார் ரூம் அருகே நின்று மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, நீங்க கணக்கு வாத்தியாரு. ஒரு கூட்டல் போட்டுத் தரணும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "சொல்லுங்க மாமா."

"நமக்கு ஏழு வயலு. ஒண்ணு ரெண்டு மா இருக்கும், ஒண்ணு மூணு மா இருக்கும். எல்லாம் சேத்துப் பதினாறு மா."

(மா என்பது அந்தப் பக்கத்து நில அளவு. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். இது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.)

"மாவுக்கு முப்பது கட்டு வச்சிக்குங்க. அப்புறம் வயலுக்கு வயலு மடைவாய்க்குன்னு எட்டுக் கட்டு தனியா வேணும். தண்ணி வந்து விழற எடம் பாருங்க, அங்க நெருக்கி நட்டாத்தான் நாத்து நிக்கும். வயலு சின்னதோ பெருசோ, மடை ஒண்ணுதானே."

இதை அவர் இவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். வயலுக்கு வயல், எட்டுக் கட்டு. எங்கள் பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக ஒரு கணக்கு கிடையாது.

இதை ஒரு சாதாரண மனிதன் விரல் விட்டே சொல்லியிருப்பான். நான் சாதாரண மனிதனா? மோட்டார் போட்ட நேரத்தைக் குறித்துவைக்க மாமா அங்கே சாக்பீஸ் வைத்திருந்தார். அதை எடுத்தேன். மோட்டார் ரூமின் இரும்புக் கதவில், கரும்பலகையில் எழுதுகிற அதே வளைவு நெளிவுகளோடு ஒரு பெரிய Σ போட்டேன்.

"என்ன மாப்ள இது, மடக்கு நாற்காலியப் பக்கவாட்டுல பாத்த மாதிரி இருக்கு?"

"இதுதான் மாமா சிக்மா. ஏழு வயலையும் இது ஒண்ணே கூட்டிடும்" என்று சொல்லி, கீழே ஒன்று, மேலே ஏழு என்று குறித்து, பக்கத்தில் 30a + 8 என்று எழுதினேன் (a என்பது ஒவ்வொரு வயலிலும் எத்தனை மா என்பது). முப்பதைப் பதினாறால் பெருக்கி எட்டைக் கூட்டி, விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். நானூற்று எண்பத்தெட்டு.

மாமா கதவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "நானூத்தி எண்பத்தெட்டுங்களா... சரிங்க மாப்ள" என்றார். ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்த அத்தையும் (கலையின் அம்மா) கதவைப் பக்திப் பரவசத்தோடு பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை எவ்வளவு அழகா எழுதுறாரு!" என்றார். கூடவே வந்த கலை மட்டும் அந்த எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்தவளின் கையை அத்தை மெல்லத் தொட்டதும் பேசாமல் நகர்ந்தாள். அவள் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். என் கையெழுத்தில் மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நடவு. விடிந்ததும் வண்டி வந்து கட்டுகளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தங்கராசு அனுப்பினால் எண்ணிப் பார்க்கிற வழக்கம் மாமாவுக்கு இல்லை. எனக்காக வரப்பில் ஓர் இரும்பு மடக்கு நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் குடையும் நட்டுவைத்திருந்தார்கள். ஜரிகை வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு, என் சிக்மா பயிராக மாறுவதை அங்கிருந்தபடி மேற்பார்வை பார்த்தேன். மழையில் ஊறிய வரப்பு அது. காலையில் உட்கார்ந்தபோது கண்ணுக்குத் தெரிந்த திருவாரூர் சாலை, பதினொரு மணிக்கு என் தலைக்கு மேலே போய்விட்டது. நாற்காலி இறங்குகிறது என்று சொன்னால் மரியாதையாக இருக்காதே என்று யாரும் சொல்லவில்லை. நானும் அசையவில்லை.

நடவுக்கு ஆள் கூட்டிவந்த மல்லிகா அக்காவும் அவருடன் வந்த பெண்களும் ஒவ்வொரு வயலாக நட்டு முடித்துக்கொண்டே வந்தார்கள். மாமா தன் வழக்கப்படி வயலின் அளவுக்கு ஏற்ப நாற்றை வீசிவிட்டு, மடைவாயில் எட்டுக் கட்டைத் தனியாகப் போட்டார். ஆறு வயல் முடிந்தது. ஏழாவது வயல் இரண்டு மா, சாலையை ஒட்டியது. மல்லிகா அக்கா கரைக்கு வந்து பார்த்துவிட்டு, "ஐயா, நாத்து இவ்வளவுதாங்களா?" என்றார்.

இருபது கட்டு கிடந்தது. அந்த வயலுக்கு அறுபத்தெட்டு வேண்டும்.

இந்த இடத்தில் அறிவுள்ள எவனும் தன் கணக்கை ஒரு தடவை சரிபார்ப்பான். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. கணக்கு சரி, ஆகவே உலகம்தான் தப்பு என்று முடிவுசெய்தேன். நாற்காலியிலிருந்து (இரண்டு பேர் கை கொடுத்து) எழுந்து, "மாமா, அவர் கட்டைக் குறைச்சு அனுப்பியிருக்கார்" என்றேன்.

மாமா தயங்கித் தயங்கி தங்கராசுவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னதும் நான்தான்.

"தங்கராசு, கட்டு கொஞ்சம் கொறையிற மாதிரி இருக்குப்பா."

"கொறையாதுண்ணே. நானே நின்னு எண்ணி ஏத்துனேன். நானூத்தி எண்பத்தெட்டு."

நான் போனை நோக்கிக் குனிந்தேன். "மாப்பிள்ளை பேசுறேங்க. கணக்கு வாத்தியார். கணக்குப்படி ஏழு வயலுக்கும் சரியா வந்திருக்கணும். வரலைன்னா என்ன அர்த்தம்? ஒண்ணு நீங்க எண்ணலை, இல்லாட்டி எண்ணித்தான் குறைச்சிருக்கீங்க."

நடவுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அண்ணே, இருக்கீங்களா?" என்றார் தங்கராசு.

"இருக்கேன்பா."

"நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

மாமா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலியாகக் கிடந்த சேற்றைப் பார்த்தார். தன் நாற்று அழுகியபோது கேட்டவுடன் கொடுத்த சிநேகிதன் ஒரு பக்கம். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை ஒரு பக்கம். "இல்லை" என்றால் எனக்கு அவமானம், "ஆமாம்" என்றால் அந்தச் சிநேகம் அதோடு சரி. அத்தனை வயதான மனிதர் வார்த்தை வராமல் தவித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இக்கட்டில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது நான் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"அப்பா, போனை வச்சிராதீங்க" என்று கலையின் குரல் கேட்டது. அவள் மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றாள். அத்தை ஏதோ ஜாடை காட்டினார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"என்னங்க, பிராக்கெட் எங்க?"

கதவைப் பார்த்தேன். Σ 30a + 8. எத்தனை அழகான Σ! அதற்குப் பக்கத்தில் என்னுடைய அந்த எட்டு, வேலி இல்லாமல், வெட்டவெளியில், அநாதையாக நின்றுகொண்டிருந்தது. ஊரில் உள்ள மாடெல்லாம் உள்ளே புகுந்து வெகுநேரமாகிவிட்டது. முந்தின வாரம் நான் நிற்கவைத்த அத்தனை பிள்ளைகளின் முகமும் எனக்குத் தெரிந்தது. அதில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கலை குனிந்து விரலில் சேற்றை எடுத்தாள். 30aக்கு முன்னால் ஒரு வளைவு, எட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு. "எட்டு ஒவ்வொரு மடைக்கும்ப்பா. இவங்க ஒரே ஒரு மடைக்குப் போட்டிருக்காங்க. ஆறு மடைக்கு நாத்து சொல்லவே இல்ல" என்றாள்.

"அதான பாத்தேன்!" என்றார் மாமா. என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போனிலிருந்து தங்கராசு, குரல் இன்னும் ஆறாமல், "என்னம்மா காணோங்கிற? பிராக்கெட்டா? அதெல்லாம் எங்க வண்டியில ஏறல. நான் நாத்து மட்டுந்தான் ஏத்தி விட்டேன்!" என்றார்.

முதலில் சிரித்தவர் மல்லிகா அக்கா. அப்புறம் வயல் முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர், நானும் மாமாவும். மாமா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வரப்போடு தூரமாக நடந்துபோனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. குனிந்த தலையோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, "மாப்ள, வெயில்ல நிக்காதீங்க, சாப்பிட வாங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மத்தியானம் எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தார்கள்.

மறுநாள் காலையில் தங்கராசுவே வண்டியோடு வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. நான் போய் அவர் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க, நான் பேசினது ரொம்பத் தப்பு" என்றேன். அவர் ஒரு கட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தாங்க மாப்பிள்ளை, உங்க பிராக்கெட்டு. எண்ணிக்கிங்க."

"வேண்டாங்க, நீங்க சொன்னா..."

"இல்ல, எண்ணுங்க."

எண்ணினேன். ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு கட்டாக வாங்கி வயலில் போட்டபடி, அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்க எண்ணினேன். நாற்பத்தெட்டு. குறையவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் அத்தை கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தார். மாமா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எனக்கு மூச்சு வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஏழாவது வயலும் பச்சையாகிவிட்டது.

திரும்பிவரும் பஸ்ஸில் கலையிடம் கேட்டேன். "முதல் நாளே பார்த்துட்டதானே? ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேன். தலை தீபாவளிக்கு வந்தவரைத் தப்புன்னு சொல்லாதடின்னு அம்மா தடுத்துட்டாங்க. அப்பாவுக்கும் கொறையிற மாதிரிதான் பட்டிருக்கு. மாப்பிள்ளை படிச்சவரு, நமக்குத் தெரியாத ஏதோ இருக்கும்னு விட்டுட்டாராம்" என்றாள். பிறகு, "நாத்தோட போயிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேங்க. அந்த மனுஷனைத் திருடன்னு சொன்னீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றாள்.

தஞ்சாவூர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆக, அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. சொல்லக்கூடாது என்பதற்காக என்னை நாற்காலியில் உட்காரவைத்து, குடை நட்டு, அப்பளம் வைத்திருக்கிறார்கள். என் வகுப்பில் மட்டும் என்ன வாழ்ந்தது? நான் கரும்பலகையில் எதை எழுதினாலும் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அத்தனையும் சரி என்பதாலா ஆட்டுகிறார்கள்? யோசிக்க யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது.

விடுமுறை முடிந்து போனதும், நான் நிற்கவைத்த பிள்ளைகளிடம் இந்தக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது. அன்றிலிருந்து என்னிடம் "சார், மூணாவது வரி தப்பு" என்று சொல்கிற பிள்ளைகள் உருவாகிவிட்டார்கள். (கொஞ்சம் அதிகமாகவே உருவாகிவிட்டார்கள்.)

மாமா வீட்டிலோ, மடைவாய் நாற்றுக்கு இன்றைக்கு வேறு பெயரே கிடையாது. நடவு நாளில் மல்லிகா அக்கா, "பிராக்கெட்டு எங்க, பிராக்கெட்டைப் போடுங்க!" என்று வரப்பில் நின்று கத்துவது சாலை வரைக்கும் கேட்கும். தங்கராசு போன் செய்தால் முதல் கேள்வி, "மாப்பிள்ளை சௌக்கியமா, பிராக்கெட் சௌக்கியமா?" இந்தக் கட்டுரையில் இத்தனை அடைப்புக்குறிகள் ஏன் என்று யோசித்தவர்களுக்கும் இப்போது காரணம் புரிந்திருக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வருடம் நடந்ததுதான். அறுவடைக்கு முன்னால், நெல் பிடிக்கச் சாக்கு எத்தனை வேண்டும் என்று மாமா கேட்டார். வயலைப் பார்த்தபடியே ஓர் எண்ணைச் சொன்னேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"தப்பு மாப்ள. திருப்பிப் போடுங்க."

பின்னால் வந்துகொண்டிருந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். எனக்கோ கல்யாணத்தன்று மாலை போட்டபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அன்றைக்கு எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை. ஈர வரப்பில் மாமாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியை எடுத்து, மண்ணில் திருப்பிப் போட்டேன்.

(அடைப்புக்குறி போட்டுத்தான்.)